அடிவாரத்துல மூடின புக்கு

கேள்விய முதல்ல திருப்பிச் சொல்லிடறேன், ஏன்னா அதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. மேலாப்புல கேட்டது இது: சமந்தா ஹார்வியோட ஆர்பிட்டல நாலு தடவ ஆரம்பிச்சும் முடிக்க முடியல, 2024ல புக்கர் பரிசு குடுத்த புக்கு, எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க, எனக்கு கொட்டாவி தான் வருது, ஆனா சுஜாதாவோட என் இனிய இயந்திராவ ஒரே ராத்திரில முடிச்சேன், அப்ப நமக்கு சயின்ஸ் பிக்‌ஷன் மட்டுந்தான் செட் ஆகும், இலக்கியம்லாம் வேணாம்னு விட்டுரலாமா, சமீபமா நீங்க படிச்சது ஒவ்வொண்ணும் எப்படி இருந்துச்சுன்னு ரிவ்யூ மாதிரி இல்லாம சொல்லுங்க. சரி. இதுக்கு அடியில இருக்கற கேள்வி வேற. பெரிய பெரிய ஆளுங்க நல்லாருக்குன்னு சொன்னது எனக்குப் பிடிக்கலன்னா கோளாறு எங்கிட்டயா, அது தான நீங்க கேக்க வந்தது? இத யாரும் வாயால கேக்க மாட்டாங்க. புக்கத் திருப்பிக் குடுக்க வரும்போது "படிச்சீங்களா"ன்னு கேட்டா "ம்ம்... நல்லாருந்துச்சுங்க"ன்னு ஒரு இழு இழுப்பாங்க பாருங்க, அந்த இழுவைல தெரியும்.

எனக்கு இதுல பட்டம் கிட்டம் ஒண்ணும் கிடையாதுங்க. சேலத்துல குகைங்கற ஏரியால 1991ல இருந்து 2014 வரைக்கும், 23 வருஷம், ஒரு லெண்டிங் லைப்ரரி வெச்சிருந்தேன், அவ்ளோ தான் தகுதி. எட்டுக்குப் பத்து ரூம்ல தரைல இருந்து கூரை வரைக்கும் மாத நாவல், பத்திரிகைல வந்த தொடர்கதைய வாராவாரம் கிழிச்சுச் சேத்து பைண்டிங் பண்ணது, கொஞ்சம் மொழிபெயர்ப்பு. லைப்ரரிக்காரனுக்கு புக்குல என்ன இருக்குங்கறத விட, ஜனங்க அத எந்தப் பக்கத்துல மூடினாங்கங்கறது நல்லாத் தெரியும். மடிச்ச மூலை, மறந்து வெச்சுட்ட டவுன் பஸ் டிக்கெட்டு, ஓரத்துல ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு, புளிக்கொழம்புக் கறை, ஒரு தடவ ரேஷன் கார்டு ஜெராக்ஸே வந்துச்சு. ருஷ்ய நாவல் ஒண்ணுல பின் அட்டைக்கு உள்பக்கம் யாரோ பென்சில்ல யாருக்கு யாரு என்ன முறைன்னு கோடு போட்டு எழுதி வெச்சிருந்தாங்க, அதுக்குக் கீழ வேற கையெழுத்துல "தப்பு, இவ மூத்த தாரத்துப் பொண்ணு"ன்னு திருத்தம். ஒரே நாவல முப்பது பேர் எடுத்துட்டுப் போயிருந்தாலும் மடிச்ச தழும்பு ரெண்டு மூணு எடத்துல தான் குமிஞ்சிருக்கும். அந்தப் பக்கத்தப் போயி படிச்சுப் பார்ப்பேன், கடைல ஆள் இல்லாத மத்தியான நேரம். சில எடத்துல நெசமாவே கத நொண்டும். ஆனா பாதிக்குப் பாதி, அங்க ஒரு சாவு இருக்கும், இல்லன்னா ஒரு பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்பற எடமா இருக்கும். போரடிச்சு மூடினவங்க ஒரு ரகம், தாங்காம மூடினவங்க இன்னொரு ரகம், மடிப்பு மட்டும் ஒரே மாதிரி தான் விழுந்திருக்கும். உங்க நாலு தடவைல எத்தன தடவ எந்த ரகம்னு நீங்க தான் பாக்கணும்.

கடைய மூடினப்பறம் ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்துல கணக்கு எழுதறேன். வாரத்துல நாலு நாள் பஸ்ல மேல போயிட்டு வரேன், படிப்பெல்லாம் பஸ்ல தான். பஸ் ஸ்டாண்ட்ல ஜன்னலோரம் புடிச்சு உக்காந்தா அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் படிக்கலாம், அதுக்கு மேல 20 கொண்டை ஊசி வளைவு, அங்க புக்கத் தெறந்தீங்கன்னா காலைல தின்ன இட்லி வெளிய வந்துரும். அதனால கத எந்த எடத்துல இருந்தாலும் சரி, அடிவாரத்துல மூடிருவேன். கொலைகாரன் கதவத் தட்டிட்டு இருந்தாலும் மூடித்தான் ஆகணும். மூடின பின்னாடி அந்த முக்கா மணி நேரம் மண்டைல என்ன ஓடுதுன்னு கவனிக்கறது பழக்கமாயிருச்சு. படிக்கும்போது விறுவிறுன்னு போன புக்கு மூணாவது வளைவுலயே ஆவியாயிரும், வெளிய கொரங்கப் பாத்துட்டு வருவேன். படிக்கும்போது தூக்கம் வந்த புக்கு இருபதாவது வளைவு வரைக்கும் கூடவே வந்து எறங்கும்போதும் வுடாது. இத வெச்சு புக்கு நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல முடியாது, எனக்கு என்ன பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லலாம். நீங்களும் அதத்தான கேட்டீங்க.

ஆர்பிட்டலுக்கே வரேன். எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும், 136 பக்கத்துக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆறு பேர் விண்வெளி நிலையத்துல இருக்காங்க, ஒரே நாள் கத, அந்த ஒரு நாளைல பூமிய 16 தடவ சுத்தறாங்க, 16 தடவ விடியுது. கீழ பசிபிக் கடல்ல ஒரு சூறாவளி பிலிப்பைன்ஸ் பக்கமாப் போயிட்டிருக்கு. அவ்ளோ தான், ஒண்ணும் நடக்காது, வேற்றுக்கிரகத்துக்காரன் வர மாட்டான், மிஷின் வெடிக்காது. நீங்க என் இனிய இயந்திரால வர்ற ரோபாட்டு நாய் ஜீனோவ எதிர்பார்த்துட்டு உள்ள போனா கொட்டாவி வரத்தான் செய்யும், அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. மொத பத்து நாள் நானும் அடிவாரத்துல மூடிட்டு அடுத்த நிமிஷம் மறந்துட்டேன். கண்டம் கண்டமா வர்ணிச்சுட்டே போறது எனக்கு இப்பவும் கொஞ்சம் திகட்டல் தான், பால்கோவாவ கிலோ கணக்குல குடுத்த மாதிரி.

ஆனா அதுல சியேன்னு ஒரு ஜப்பான் பொண்ணு வருது. மேல இருக்கும்போதே ஊர்ல அவங்கம்மா எறந்துட்டதா சேதி வருது. எறங்கிப் போக முடியாது, சாவுக்குப் போக முடியாது. அந்தப் பொண்ணுக்கு ஒரு நெனப்பு வருது, நான் இங்கயே சுத்திட்டு இருக்கற வரைக்கும் அம்மா சாகல, எறங்கினாத் தான் செத்துப் போனவங்கங்கற மாதிரி. அன்னைக்கு நான் அடிவாரம் வர்றதுக்கு முன்னாடி, கோரிமேட்டுலயே புக்க மூடிட்டேன். எங்கப்பா போனது ஒரு ஐப்பசி மழைல. நான் மேல தோட்டத்துல தங்கியிருந்தேன், ராத்திரி போன் வந்துச்சு, மலப்பாதைல மண்ணு சரிஞ்சு வண்டி வுடல, விடிஞ்சப்பறம் குப்பனூர் வழியா ஒரு ஜீப்ல எறங்கினேன். எடைல இருந்த அந்த அஞ்சாறு மணி நேரம், காப்பிக்கொட்ட கெடங்குல ஒரு ஸ்டூல்ல உக்காந்துட்டு மூட்டைக் கணக்கு எழுதினேங்க, யாராச்சும் நம்புவாங்களா, சாவுச் சேதி வந்தவன் கணக்கு எழுதினான்னா. எழுதற வரைக்கும் கீழ குகை வீட்டுல அப்பா வெத்தல இடிச்சுட்டு இருக்கற மாதிரியே இருந்துச்சு. எறங்கினப்பறம் தான் அவர் போனாரு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொல்றதுக்கு வார்த்தையும் இல்ல, எங்கயோ இங்கிலாந்துல உக்காந்துட்டு இருக்கற ஒரு அம்மா அத எழுதி வெச்சிருக்காங்க.

இதுல உறுதியானது எது, சந்தேகம் எதுன்னு பிரிச்சு வெச்சுடறேன். அந்த எடம் அந்தப் புக்குல இருக்கு, அது என்ன அடிச்சுச்சு, ரெண்டும் உறுதி. அது எழுத்தோட கெட்டிக்காரத்தனத்தால அடிச்சுச்சா, இல்ல எங்கப்பா போன விதத்தால அடிச்சுச்சான்னு கேட்டா, அப்படி ஒரு ராத்திரி எனக்கு வராம இருந்திருந்தா நானும் உங்கள மாதிரி நாலு தடவ மூடியிருப்பேன்னு தான் தோணுது. அதனால ஆர்பிட்டல் மகத்தான நாவல்னு நான் சாதிக்க மாட்டேன். அப்பறம் ஒரு நாள் பொழுது சாஞ்சு, ஏற்காட்டுல லேடீஸ் சீட்னு ஒரு வியூ பாயிண்ட், அங்க போயி நின்னு கீழ சேலத்தப் பாத்தேன், வெளக்குங்க மட்டும் கொட்டிக் கெடக்குது, குகை எங்க, அம்மாபேட்டை எங்கன்னு தேடித் தேடிப் பாத்து ஒண்ணும் அடையாளம் தெரியல, பக்கத்துல ஒருத்தர் சுண்டல் தின்னுட்டே ஸ்டீல் பிளான்ட்ட கை காட்டி ஜங்ஷன்னு பொண்டாட்டிக்குச் சொல்லிட்டு இருந்தாரு. மேல போனா எல்லாரும் அப்படித்தான் போல.

இது சயின்ஸ் பிக்‌ஷனா இலக்கியமான்னு கேட்டீங்க. ஒரு நாளைக்கு 16 சுத்து, சுமாரா 400 கிலோமீட்டர் ஒசரம், விண்வெளி நிலையத்துல இதெல்லாம் இப்பவும் நெசமா நடந்துட்டு இருக்கறது தான், இதுல கற்பனை விஞ்ஞானம்னு ஒண்ணுமே இல்ல. எங்கடைல அலமாரிக்கு மேல சமூகம், மர்மம், சரித்திரம்னு சீட்டு ஒட்டியிருப்பேன், விஞ்ஞானத்துக்குன்னு சீட்டே கிடையாது, சுஜாதான்னு ஒரு சீட்டு, அதுக்குள்ள எல்லாம். யாரும் குழம்பல. இந்தப் பிரிவ வெச்சு உங்க ரசனைய நீங்களே ரெண்டா வெட்டிக்க வேண்டாம்.

என் இனிய இயந்திராவ நானும் திரும்பப் படிச்சேன். ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்ப யாரோ கிழிச்சுச் சேத்த பைண்டிங் காப்பி, பக்கத்துக்குப் பின்னாடி ஜோக்கும் விளம்பரமும் பாதி பாதியா வரும். கடைய மூடினப்ப வித்துப் போகாம எங்கிட்டத் தங்கினதுல அது ஒண்ணு. கத நடக்கற வருஷம் 2021, அந்த 2021 நெசமாவே வந்துட்டுப் போயிருச்சு, அப்ப எடுத்துப் பாத்தேன். நாய் வடிவத்துல ரோபாட்டு, ஜீனோ, இன்னும் அவ்ளோ அழகாப் பேசுது. ஆனா சின்ன வயசுல சிரிச்சுட்டுத் தாண்டிப் போன எடம் தான் இந்தத் தடவ நிறுத்துச்சு: கொழந்த பெத்துக்க அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், பேரு ரெண்டெழுத்துல தான் இருக்கணும். அதுக்கு முந்தின வருஷம் தான், கொரோனா சமயம், ராசிபுரத்துல இருக்கற தங்கச்சி வீட்டுக்குப் போக இ-பாஸ் எழுதிப் போட்டுட்டு போன வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ராசிபுரம் எங்க இருக்கு, டவுன் பஸ் மாதிரி போயிட்டு வர்ற தூரம், 1997 வரைக்கும் சேலம் ஜில்லாவே தான, நாமக்கல் பிரிஞ்சதால நடுவுல ஒரு கோடு. சரி சரி, நோய்க்காலம், அது தேவைதான்னு எனக்குத் தெரியும், நான் கொற சொல்லல. ஆனா "காரணம்"னு இருந்த கட்டத்துல தங்கச்சியப் பாக்கணும்னு எழுதலாமா கூடாதான்னு அஞ்சு நிமிஷம் யோசிச்சேன் பாருங்க, அந்த அஞ்சு நிமிஷத்த சுஜாதா எண்பதுகள்லயே எழுதி வெச்சுட்டாரு. மத்தபடி சொல்லணும்னா பின்பாதி எனக்கு ஓட்டமா ஓடற சினிமா மாதிரி தான் இருந்துச்சு, அடிவாரத்துல மூடினா மேல கூட வரல. நீங்க ஒரே ராத்திரில முடிச்சீங்க, நான் ரெண்டு நாள்ல. விறுவிறுப்புக்கு அவர அடிச்சுக்க ஆள் இல்ல, விறுவிறுன்னு போறதையும் மண்டைல கூட வர்றதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

அரசாங்கத்துக்கிட்ட அனுமதிக்கு நிக்கற இதே சமாச்சாரம் வேற ஒரு புக்குல வந்துச்சு, அதுல ரோபாட்டு இல்ல, வெள்ளாடு. பெருமாள்முருகனோட பூனாச்சி, 2016ல வந்தது. அவரோட மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்பு வந்து, அதுக்கு முந்தின வருஷம் ஜனவரில எழுத்தாளன் செத்துட்டான்னு அறிவிச்சுட்டு எழுதறத நிறுத்தினவர், 2016 ஜூலைல ஹைகோர்ட் தீர்ப்பு அவருக்குச் சாதகமா வந்தப்பறம் எழுதின நாவல் இது. மனுசனப் பத்தி எழுத பயமா இருக்கு, ஆட்டப் பத்தி எழுதறேங்கற மாதிரி முன்னுரைலயே சொல்லிட்டுத் தான் ஆரம்பிப்பாரு. ஊர் பேரு கெடையாது, காலம் கெடையாது, ஒரு கெழவன் கெழவிகிட்ட வந்து சேர்ற கருப்பு வெள்ளாட்டுக்குட்டி, அதோட வாழ்க்க. அதுல குட்டிக்குக் காது குத்தி நம்பர் போட கெழவி வரிசைல நிக்கற எடம் இருக்கு, இந்தக் குட்டி எங்க கெடச்சுச்சுன்னு ஆபீசருங்க கேக்கற கேள்வி, வரிசைல நிக்கறவங்க வாயத் தெறக்க பயந்துட்டுக் குசுகுசுன்னு பேசறது. மொதல்ல படிச்சப்ப, அட சயின்ஸ் பிக்‌ஷன் மாதிரி பண்றாரேன்னு நெனச்சேன். அன்னைக்கு பஸ் அடிவாரத்துல நின்னப்ப ரோட்டோரம் ஒரு மாடு, காதுல மஞ்சள் டேக், 12 இலக்க நம்பர். அது தெனமும் அங்க தான் நின்னுட்டு இருந்திருக்கும், நாந்தான் பாக்கல. இங்க மேச்சேரிப் பக்கம் ஆட்டோட பொழங்கற ஜனங்களுக்கு இந்தப் புக்குல கற்பனைன்னு எத எடுத்துக் காட்டுவீங்கன்னு கேட்டா, ஒரே ஈத்துல ஏழு குட்டி போடறத மட்டுந்தான் காட்டுவாங்க. அந்தக் குட்டிங்க ஒவ்வொண்ணா கைய விட்டுப் போற எடத்துல நான் ரெண்டு வாரம் நிறுத்திட்டேன், தாங்காம மூடின ரகம். கடைசிப் பக்கம் மட்டும் எனக்கு ஒப்பல, அங்க ஒரு அதிசயம் வருது, என்னன்னு சொல்ல மாட்டேன், அது இல்லாமலே அழுதிருப்பேன்னு பட்டுச்சு.

ஹான் காங்கோட மரக்கறி, சமயவேல் தமிழ்ல குடுத்தது, இத ஏன் சொல்றேன்னா இந்த ஊர்ல உக்காந்து படிச்சா இது வேற புக்காயிருது. 2007ல கொரியால வந்த நாவல், 2016ல சர்வதேச புக்கர், 2024ல அந்தம்மாவுக்கு நோபல். ஒரு பொண்ணு ஒரு கனவு கண்டுட்டு கறி திங்கறத விட்டுடறா, குடும்பமே அவ மேல பாயுது, அப்பன் அறஞ்சு வாய்க்குள்ள கறியத் திணிக்கறான். இங்க கறிய விட்டா என்னங்க ஆகும்? மரியாத தான் கூடும். புரட்டாசில பாதித் தெருவு விட்டுருது, சைவம்னு சொல்லிக்கறதுல ஒரு மெதப்பு வேற இருக்கு, அதுக்குப் பின்னாடி சாதி இருக்கறதும் எல்லாருக்கும் தெரியும். அதனால மொத முப்பது பக்கம் எனக்கு ஒட்டவே இல்ல, இதுக்குப் போயி இவ்ளோ ரகளையான்னு. எங்கடைக்கு அந்தக் காலத்துல இருந்து வந்துட்டு இருந்த ஒரு அம்மா, தறி வெச்சிருந்த குடும்பம், அவங்ககிட்ட படிக்கக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சு கொண்டாந்து குடுத்துட்டு, "கறிய மறந்துருங்கண்ணா, நாளைல இருந்து நான் சோறாக்க மாட்டேன்னு எங்க வீட்டுல சொல்லிப் பாக்கறேன், இந்தக் கதைல நடந்தத விட ஒண்ணு கூடவே நடக்கும்"ன்னாங்க. அவ்ளோ தான், புக்கு தெறந்துக்கிச்சு. திரும்ப மொதல்ல இருந்து படிச்சேன். மூணு பாகம், புருஷன், அக்கா புருஷன், அக்கான்னு மத்தவங்க பார்வைலயே போகுது, அந்தப் பொண்ணுக்கு கனவு சொல்ற நாலு துண்டத் தவிர பேச எடமே இல்ல. காய்கறிக்கு ஈழத்துப் பேச்சுல மரக்கறின்னு சொல்றது, அதுல மரம் ஒளிஞ்சிருக்கு, கடைசில அந்தப் பொண்ணு மரமாகணும்னு நிக்கறா, இப்படி ஒரு தலைப்பு இங்கிலீஷ்ல அமையவே அமையாது. ஒரு சந்தேகத்தயும் சொல்லணும். நடை வறட்டுன்னு ஒரு மாதிரி தள்ளி நின்னு பேசுது, அந்த வறட்சி எனக்குப் பிடிச்சுச்சு, ஆனா அது கொரிய மொழியிலயே இருக்கறதா, நடுவுல மொழி மாறும்போது சேந்ததான்னு கொரியம் தெரியாத நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. இதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்ப வெச்சே பெரிய சண்ட நடந்துச்சு. மொழிபெயர்ப்பு நாவல்ல 'நடை அற்புதம்'னு யாராச்சும் அடிச்சு விட்டா நான் கொஞ்சம் ஜாக்கிரதையாத் தான் கேப்பேன்.

கசுவோ இஷிகுரோவோட கிளாரா அண்ட் தி சன், 2021, இத சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன், பாதி பிடிச்சுது பாதி பிடிக்கல. வெயில்ல ஓடற ரோபாட்டுப் பொண்ணு கிளாரா, அது போயிச் சேர்ற வீட்டுல ஒரு நோயாளிக் கொழந்த. கொழந்த பொழைக்கணும்னு கிளாரா சூரியங்கிட்ட வேண்டிக்குது, நீ இத செஞ்சா நான் அத செய்யறேன்னு. இது நேர்த்திக்கடன் தானுங்க? ஆடில கோட்டை மாரியம்மன் கோயில்ல போயி நின்னு பாருங்க, உருளுதண்டம் போடறவங்க, கண்ணு வலிக்கு வெள்ளில கண்ணு வாங்கி உண்டியல்ல போடறவங்க, அத்தன பேரும் கிளாரா தான். மிஷினுக்கு பக்தி வருமாங்கற கேள்விய விட, பக்திங்கறதே ஒரு கணக்கா, கொடுக்கல் வாங்கலான்னு தான் எனக்கு அஞ்சாறு வளைவு ஓடுச்சு. பின்பாதில பெரியவங்க பேச்சு வளவளன்னு போகுது, அத ரெண்டு தடவ போரடிச்சு மூடினேன், வெக்கமில்லாம சொல்றேன்.

சரி, ரசனை இல்லையான்னு கேட்டதுக்கு. 23 வருஷத்துல எங்கடைக்கு வந்தவங்கள்ல ரசனை இல்லாதவங்கன்னு நான் யாரையும் பாக்கல, "நல்லாருந்துச்சுங்க"ன்னு பொய் சொல்லிட்டே இருந்து அப்பறம் படிக்கறதையே விட்டவங்கள நெறையப் பாத்திருக்கேன். அதே சமயம் பிடிக்கலன்னா புக்கு மோசம்னு சொல்றதுக்கும் நான் ஆளில்ல, சில புக்கு அதுக்குன்னு ஒரு வயசு, ஒரு சாவு, ஒரு வாடக வீடு எல்லாம் வந்தப்பறம் தான் தெறக்குது, சிலது கடைசி வரைக்கும் தெறக்காது, எனக்கும் அப்படி ஒரு அலமாரி இருக்கு. உங்க வயசு, வேல எதுவும் எனக்குத் தெரியாது, அதனால இது உங்களுக்குப் பொருந்துமான்னு நீங்க தான் பாத்துக்கணும்.

ஆர்பிட்டல அஞ்சாவது தடவ எடுக்கறதா இருந்தா ஒண்ணு பண்ணுங்க, முழுசாப் படிக்க வேண்டாம். சியேவுக்கு அம்மா சேதி வர்ற எடம் ஆரம்பத்துலயே இருக்கு, நாலு தடவையும் அதத் தாண்டித்தான் போயிருப்பீங்க. அங்க போயி, அந்தப் பொண்ணு வர்ற எடத்த மட்டும் தேடித் தேடிப் படிங்க, கண்டம் கடல் வர்ணனையெல்லாம் தள்ளிட்டுப் போங்க, எழுதினவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அப்பவும் ஒண்ணும் பண்ணலன்னா யாருக்காச்சும் குடுத்துருங்க. மரக்கறி வேணும்னா எங்கிட்ட இருக்கு, இப்போதைக்கு அந்தத் தறிக்கார அம்மா ரெண்டாவது தடவ எடுத்துட்டுப் போயிருக்காங்க, தீபாவளிச் சேல நெசவு முடிஞ்சாத் தான் வரும்.